கொலுவுக்கு அழகு சேர்க்கும் சாலையோர நெற்றுகள்: பெங்களூருவில் எதைச் சேகரிக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

பெங்களூரு: நவராத்திரிக் கொலுவையும் வீட்டு வாசலையும் அலங்கரிக்க, கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தோரணங்களுக்குப் பதிலாக, மரங்கள் தாமாகவே உதிர்த்த நெற்று, விதை, இலை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். பெங்களூருவின் சாலையோரங்களில் இவை செலவின்றிக் கிடைக்கின்றன. எனினும், உதிர்ந்ததை எடுப்பதற்கும் மரத்திலிருந்து ஒடிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அழகாகத் தோன்றும் சில விதைகள் உயிருக்கே ஆபத்தானவை என்பதையும் அறிந்திருப்பது அவசியம்.

இங்கு இலையுதிர் காலம் எப்போது?

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலைகள் நிறம் மாறி உதிர்கின்றன. பெங்களூருவில் அதே காலம் மழைக்காலமாகும். இந்நகரில் ஆண்டின் அதிக மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் பதிவாகிறது. பெரும்பாலான மரங்கள் இலை உதிர்ப்பது குளிர்காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும்தான். ஆகவே இங்குள்ள புரட்டாசி, ஐப்பசி மாத அலங்காரத்துக்குப் பழுத்த இலைகளைவிட நெற்றுகளும் விதைகளுமே ஏற்றவை.

இந்தச் செல்வம் தற்செயலாக அமைந்ததன்று. 1908-ஆம் ஆண்டு மைசூரு சமஸ்தானப் பணிக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும் வகையில் சாலையோர மரங்களைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் 1980-களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் தலைமையில் நகரில் சுமார் 15 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. இன்று நடைபாதைகளில் விழும் நெற்றுகளில் பெரும்பகுதி இவ்விரு முயற்சிகளின் பயனாகும்.

எவற்றைச் சேகரிக்கலாம்?

ஜக்கரண்டா மரத்தின் தட்டையான வட்ட நெற்று, வெடித்ததும் சிறு சிப்பி போல இரண்டாகத் திறந்திருக்கும். அகல் வடிவப் பொம்மைகளுக்கும் வாசல் மாலைகளுக்கும் இது பொருந்தும். குல்மொஹரின் நெற்று வாள் போல நீண்டு, அரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. இது பல மாதங்கள் மரத்தில் தங்கிக் காற்றிலும் மழையிலும் உதிர்வதால், தரையில் அவ்வப்போது கிடைக்கும். மகோகனிக் காயின் தடித்த மர ஓடு ஐந்து இதழ்களாகப் பிரியும். அவற்றைக் கொண்டு மரப்பூக்கள் செய்யலாம். சவுக்கின் சிறு காய்களும், ஒருபுறம் வெள்ளி நிறம் கொண்ட சில்வர் ஓக் இலைகளும் கொலுவின் கீழ்ப் படியில் அமைக்கும் மலை, பூங்கா போன்ற காட்சிகளுக்கு உகந்தவை.

தூங்குமூஞ்சி மரத்தின் இனிப்பான காய்களை அணில்களும் கால்நடைகளும் உண்பதால் அவற்றை விட்டுவிடலாம். உதிர்ந்த இலைகள் மண்ணுக்கு மூடாக்காகவும் உரமாகவும் பயன்படுவதால், ஒரே மரத்தடியை முழுவதும் வாரி எடுக்காமல் தேவையான அளவு மட்டும் எடுப்பது நலம்.

எவற்றைத் தொடக்கூடாது?

கறுப்புப் புள்ளியுடன் கூடிய சிவப்புக் குன்றிமணியில் அப்ரின் எனும் கடும் நஞ்சு உள்ளது. கோப்பதற்காகத் துளையிடும்போதும், குழந்தைகள் வாயிலிட்டு மெல்லும்போதும் ஆபத்து ஏற்படும். முழுவதும் சிவப்பாக இருக்கும் ஆனைக்குன்றிமணி வேறு மரத்தின் விதையாகும். அதையும் சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பதே பாதுகாப்பு. மஞ்சள் அரளியின் கொட்டை இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு கொண்டது. ஊமத்தங்காயும் நச்சுத்தன்மை உடையது. காலிமனைகளில் வெண்பூக்களுடன் வளரும் பார்த்தீனியம் தோல் ஒவ்வாமையையும் மூச்சுத்திணறலையும் தூண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மரத்தை வெட்ட மர அதிகாரியின் அனுமதி தேவை. தோட்டக்கலைத் துறையின் பராமரிப்பில் உள்ள லால்பாக், கப்பன் பூங்கா ஆகியவற்றில் பூ, காய் பறிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வன்னி மரத்துக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும். விஜயதசமியன்று வன்னி இலைகளைப் பரிமாறிக்கொள்வது கர்நாடக வழக்கம். கன்னடத்தில் இம்மரம் 'பன்னி' எனப்படுகிறது. மைசூரு தசரா ஊர்வலம் நிறைவடையும் பன்னிமண்டபம் இம்மரத்தின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சில இலைகளே போதுமான இச்சடங்குக்காகக் கிளைகளை வெட்டினால், மெதுவாக வளரும் இம்மரம் மீள நீண்ட காலமாகும்.

வீட்டுக்குள் கொண்டுவரும் முன்

மழையில் நனைந்த நெற்றுகளை மண் நீங்கத் துலக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். வெயில் இல்லையெனில் செய்தித்தாளில் பரப்பி மின்விசிறியின் கீழ் வைக்கலாம். ஈரம் தங்கினால் பூஞ்சணம் படரும். சிறு துளைகளும் அவற்றிலிருந்து உதிரும் மாவும் தென்பட்டால் அது வண்டு அரித்ததன் அடையாளம். அத்தகையவற்றை மரப்பாச்சி பொம்மைகளின் அருகில் வைத்தால் அவற்றுக்கும் வண்டு பரவக்கூடும். காய்ந்த பொருட்கள் எளிதில் தீப்பற்றும் என்பதால் குத்துவிளக்கு, மின்விளக்குச் சரங்கள் ஆகியவற்றிலிருந்து தள்ளி வைப்பது கட்டாயம்.

பண்டிகைக்குப் பின்

ஆயுத பூஜைக்கு மறுநாள் பெங்களூருவின் தெருக்களில் வாழைக்கன்றுகள், மாவிலைகள், உடைத்த திருஷ்டிப் பூசணிகள் குவிகின்றன. சாலையில் சிதறிய பூசணியில் இருசக்கர வாகனங்கள் வழுக்கி விழும் அபாயமும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தோட்டக்கழிவைத் தனியே பிரித்து வைக்க வேண்டும் என்றன. கழிவைத் தெருவில் எறிவதையும் எரிப்பதையும் அவை தடை செய்தன. அதே ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்குக் குறைந்தது 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது.

சேகரித்த இலைகளைக் கிழித்துத் தொட்டி மண்ணிலோ உரக்குழியிலோ இடலாம். வண்ணப்பூச்சு, மினுமினுப்புத் தூள், பசை பூசியவை உரமாகாது என்பதால் அவற்றைப் பூசாமல் நூலால் கட்டுவதே சிறந்தது. கெட்டியான நெற்றுகளை வசம்புத் துண்டுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டுக் கொலுவுக்கும் பயன்படும்.