ராத்திரி ஊசியின் மாதக் கணக்கு

எடை 60 கிலோ. மெட்ஃபார்மின் தினம் 2,000 மி.கி., கூடவே இன்னொரு மாத்திரை. அப்படியும் எச்பிஏ1சி 9-ஐ விட்டு இறங்கவில்லை. மாத்திரையோடு, படுக்கப்போகும்போது 10 யூனிட் என்பிஎச் இன்சுலினையும் டாக்டர் எழுதிக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் முதலில் பயப்படுவது ஊசிமருந்தின் விலைக்கு. பயம் தவறான வரியில் நிற்கிறது.

நம் கடைகளில் கிடைக்கும் 10 மி.லி. குப்பியில், மில்லிக்கு 40 வீதம் 400 யூனிட் இருக்கும். விலை சுமார் 150 ரூபாய். தினம் 10 யூனிட் என்றால் 40 நாள் வரவேண்டும். ஆனால் திறந்த குப்பியை 28 நாளோடு நிறுத்தச் சொல்வதுதான் வழக்கம் (சில கம்பெனிகள் ஆறு வாரம்வரை அனுமதிக்கின்றன, லேபிளைப் பார்க்கவும்). அப்படி நிறுத்தினால் 120 யூனிட் குப்பைக்குப் போகும். 14 யூனிட்டுக்கு ஏறினால் 392 செலவாகி, மிச்சம் 8தான். பெரும்பாலும் ஏறவே செய்யும்: வெறும்வயிற்றுச் சர்க்கரை இலக்கைத் தொடும்வரை மூன்று நாளுக்கு 2 யூனிட் கூட்டுவது பரவலான முறை. 10-ல் தொடங்கியவர் 7-ஆம் நாள் 14-ல் இருப்பார். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும்.

14-ல் நிலைத்தவரின் 28 நாள் செலவு இது. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் முழு எண்ணாகவே வைக்கிறேன். அந்த இரண்டாவது மாத்திரையைச் சேர்க்கவில்லை.

இன்சுலின் 1 குப்பி: ரூ.150
மெட்ஃபார்மின் 500 மி.கி., 112 மாத்திரை (2 ரூபாய் வீதம்): ரூ.224
சிரிஞ்சு 28 (10 ரூபாய் வீதம்): ரூ.280
ஸ்ட்ரிப் 28 (20 ரூபாய் வீதம்): ரூ.560
மொத்தம்: ரூ.1,214

இன்சுலினின் பங்கு எட்டில் ஒன்றுகூட இல்லை.

"ஊசிதான் வந்துவிட்டதே, மாத்திரை எதற்கு" என்று 224-ஐ வெட்டுகிறவர்கள் உண்டு. 1999-இல் வெளிவந்த ஃபின்லாந்து ஆய்வொன்றில் 96 பேர் ஓராண்டு ராத்திரி இன்சுலின் போட்டார்கள். கூடவே மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு எடை 0.9 கிலோ கூடியது. கிளைபென்கிளமைடு எடுத்தவர்களுக்கு 3.9, மாத்திரை இல்லாமல் காலையிலும் ஒரு ஊசி போட்டவர்களுக்கு 4.6.

பேனா ஊசிக்கு மாறி கிளார்ஜின் போட்டால்? கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். ஒவ்வொரு முறையும் சோதனைக்கு 2 யூனிட் வெளியே விடவேண்டும். 28 நாளில் 56 யூனிட் காற்றோடு போகும். மொத்தத் தேவை 448, அதாவது ஒன்றரை கார்ட்ரிட்ஜ். ஒன்று சுமார் 600 ரூபாய் என்றால் 900. குப்பியைவிட 750 அதிகம். 2003-இல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 756 பேரிடம் இரண்டு இன்சுலினும் எச்பிஏ1சியை 8.6-இலிருந்து ஏறக்குறைய 7-க்குக் கொண்டுவந்தன. இரவில் தாழ்சர்க்கரை வராமல் இலக்கைத் தொட்டவர்கள் கிளார்ஜினில் 33 சதவீதம், என்பிஎச்சில் 27. தனியாக வாழும் முதியவர் என்றால் அந்த 750-ஐக் கொடுக்கலாம் என்பேன்.

கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். அதிலிருந்து சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் உறிஞ்சினால், 14-ஆம் கோட்டில் இருப்பது 35 யூனிட். ஒருபோதும் கூடாது.

கடைசியாக, பெரிய வரி: ஸ்ட்ரிப். அளவு நிலைத்தபின் வாரம் இரண்டு நாள் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், 560 ரூபாய் 160 ஆகும், மொத்தம் 814. பலர் முதல் வாரத்திலேயே இந்தச் சிக்கனத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். காலை எண் தெரியாததால் அளவும் ஏறுவதில்லை. அதே 10 யூனிட்டை வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டு, ஊசி தனக்கு ஒத்துவரவில்லை என்கிறார்கள்.