முந்திச் செல்பவர் குற்றவாளியா? ஜெர்மனியின் "ஜிப்" சட்டம்!

ஜெர்மனியில் ஒரு கோடைக் காலம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஒரு குடும்பம் காரில் வெளியூர் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஓட்டுகிறார். அம்மா பக்கத்தில் இருக்கிறார். பின்னால் இரண்டு குழந்தைகள்.

கார் "ஆட்டோபான்" என்னும் பெருஞ்சாலையில் ஓடுகிறது. ஒரே திசையில் போவதற்கு இரண்டு தடங்கள் இருக்கின்றன. தடம் என்பது வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்த பாதை. ஒரு தடத்தில் ஒரு வரிசை வண்டிகள்தான் போகலாம்.

சிறிது தூரத்தில் ஒரு பலகை தெரிகிறது. அதில் மண்வெட்டி பிடித்த மனிதனின் படம். சாலையில் பழுது பார்க்கும் வேலை நடக்கிறது என்று அதற்கு அர்த்தம். அடுத்த பலகையில், இடது தடம் முடியப் போகிறது என்று அம்புக்குறி காட்டுகிறது.

அப்பா ஒழுங்கானவர். பலகையைப் பார்த்ததுமே வலது தடத்துக்கு மாறிவிடுகிறார். அங்கே நீண்ட வரிசை. கடைசி ஆளாகப் போய் நிற்கிறார். வரிசை ஆமை போல் நகர்கிறது. பக்கத்தில் இடது தடம் காலியாகக் கிடக்கிறது.

அந்தக் காலித் தடத்தில் ஒரு சிவப்புக் கார் வருகிறது. நிற்கிற வண்டிகளை எல்லாம் தாண்டிப் போகிறது. தடம் முடிகிற இடத்தில் வரிசைக்குள் நுழைகிறது.

அப்பாவுக்குக் கோபம் பொங்குகிறது. "நாங்கள் எல்லாம் முட்டாள்களா? வெட்கம் இல்லாதவன்!" என்கிறார்.

பின்னால் இருந்த பையன் கேட்கிறான்: "அப்பா, அந்தத் தடம் இன்னும் முடியவில்லையே! அதில் போனால் என்ன தப்பு?"

பையனின் கேள்வி சரியான கேள்வி. ஜெர்மன் சட்டத்தின்படி, சிவப்புக் காரை ஓட்டியவர் தப்பு எதுவும் செய்யவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 7-வது பிரிவு தடங்களைப் பற்றியது. ஒரு தடம் முடிந்துவிட்டாலும், அதில் தொடர்ந்து போக முடியாமல் தடை இருந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது.

அதன் கருத்து இதுதான்: தடம் முடிந்து தவிக்கிற வண்டிக்குப் பக்கத்துத் தடத்தில் இருப்பவர்கள் வழி விட வேண்டும். முதலில் தொடர்கிற தடத்திலிருந்து ஒரு வண்டி. அடுத்து முடிகிற தடத்திலிருந்து ஒரு வண்டி. மறுபடி அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று. இப்படி மாறி மாறிப் போக வேண்டும்.

எந்த இடத்தில் சேர வேண்டும்? பலகையைப் பார்த்த இடத்திலா? இல்லை. பாதை குறுகத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான்! இதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று 2001-ல் விதியில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்.

சில இடங்களில் இதற்கென்றே ஒரு பலகை உண்டு. "ஜிப் இன்னும் 200 மீட்டர் தள்ளித்தான்!" என்று அது சொல்கிறது. அவசரப்பட்டு முன்னாலேயே தடம் மாறாதே என்பது அதன் பொருள்.

ஜிப் எதற்கு வந்தது?

பையிலும் கால்சட்டையிலும் இருக்கும் ஜிப்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பற்கள். இழுப்பானை இழுத்தால் இடது பக்கப் பல் ஒன்று, வலது பக்கப் பல் ஒன்று என்று மாறி மாறிக் கோத்துக்கொள்கின்றன. ஒரு பல்லாவது இன்னொரு பல்லோடு சண்டை போடுகிறதா? ஒரே பக்கத்திலிருந்து இரண்டு பற்கள் சேர்ந்து நுழைந்தால் ஜிப் சிக்கிக்கொள்ளும்.

இன்று நாம் பயன்படுத்தும் ஜிப்புக்கு 1913-ல் வடிவம் கொடுத்தவர் கிடியோன் சுண்ட்பேக் என்ற என்ஜினீயர். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அவர் படித்த இடங்களில் ஒன்று ஜெர்மனி! அந்த ஜெர்மனியே பிற்காலத்தில் சாலை விதி ஒன்றுக்கு ஜிப்பின் பெயரை வைத்தது. ஜெர்மன் மொழியில் ஜிப்புக்கு "ரைஸ்ஃபெர்ஷ்லுஸ்" என்று பெயர். வண்டிகள் மாறி மாறிச் சேரும் முறைக்கும் அதே பெயர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

முன்னாலேயே ஒரே வரிசையாகிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். எண்ணெய்க் கடையிலும் டிக்கெட் ஜன்னலிலும் அதுதான் ஒழுக்கம். பின்னால் வந்தவர் பின்னால் நிற்க வேண்டும். ஆனால், சாலை வேறு. டிக்கெட் ஜன்னல் வேறு.

ஒரு கணக்குப் போடுவோம். மொத்தம் 200 கார்கள் நிற்கின்றன. ஒரு காருக்கும் அதன் முன் இருக்கும் இடைவெளிக்கும் சேர்த்து ஏழரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே தடத்தில் நின்றால் வரிசையின் நீளம் 1,500 மீட்டர். அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர்! அதே கார்கள் இரண்டு தடத்திலும் நின்றால் 750 மீட்டர்தான். வால் பாதியாகிவிட்டது!

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. ஜிப் முறையால் குறுகிய பாதை அகலமாகிவிடாது. புனலின் வாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எண்ணெய் இறங்குவது கீழே இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான். குறுகலில் ஒரு கார் போன பிறகுதான் அடுத்த கார் போக முடியும். ஆகவே, மொத்தக் கூட்டமும் கடந்து போக ஆகும் நேரம் பெரிதாகக் குறையாது.

அப்படியானால் லாபம் என்ன? லாபம் வரிசையின் வாலில் இருக்கிறது!

உயிரைக் காக்கும் குட்டை வால்

ஆட்டோபானில் கார்கள் மணிக்கு 120, 130 கிலோமீட்டர் வேகத்தில் வருவது சாதாரணம். பின்னால் பாரம் ஏற்றிய லாரிகளும் வருகின்றன. ஒரு வளைவு திரும்பியதும் எதிரே வண்டிகள் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? பிரேக் போட நேரம் போதாது. நிற்கும் வரிசையின் கடைசியில் லாரி மோதும் விபத்துகள் மிகக் கொடியவை. கடைசிக் காரில் இருப்பவர்கள் தப்புவது அரிது.

வரிசை எவ்வளவு நீளமாகிறதோ, அவ்வளவு தூரம் அதன் வால் பின்னால் போகும். எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டிப் போகும். வளைவைத் தாண்டும். பாலத்தைத் தாண்டும். முந்தைய சந்திப்பையும் அடைத்துவிடும். அந்தச் சந்திப்பில் வேறு ஊருக்குத் திரும்ப வேண்டியவர்களும் காரணம் இல்லாமல் மாட்டிக்கொள்வார்கள்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு தடம் நிற்கிறது. பக்கத்துத் தடம் காலி. காலித் தடத்தில் ஒருவர் வேகமாக வருகிறார். நிற்கிற வரிசையிலிருந்து பொறுமை இழந்த ஒருவர் சட்டென்று வெளியே திரும்புகிறார். மோதல்! இரண்டு தடமும் ஒரே அளவு நிரம்பி, ஒரே வேகத்தில் நகர்ந்தால் இந்த ஆபத்து குறைகிறது.

சாலையில் வேலை செய்கிறவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஓடுகிற வண்டிகளுக்குச் சில அடி தூரத்தில் நின்று அவர்கள் தார் போடுகிறார்கள். குறுகலின் வாசலில் வண்டிகள் முட்டி மோதினால், அது அவர்களுடைய தலைமாட்டில் நடக்கும் மோதல்!

"பெரிய வாத்தியார்" வேலை வேண்டாம்

சட்டம் இருந்தும் சண்டை ஓயவில்லை. சிலர் முன் வண்டியை ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. வேறு சிலர் வண்டியை இரண்டு தடத்துக்கும் நடுவில் நிறுத்தி, பின்னால் வருகிறவர்களை முன்னேற விடாமல் மறிப்பார்கள். "நியாயத்தை நான் நிலைநாட்டுகிறேன்" என்ற நினைப்பு!

இப்படி ஊருக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஜெர்மானியர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குப் "பெரிய வாத்தியார்" என்று பொருள். பெயர் கேலிதான், செயல் கேலி அல்ல. வேண்டுமென்றே வழி மறிப்பது வழக்கு வரைகூடப் போகலாம். ஜிப் முறையில் இடம் விடாதவருக்கு 20 யூரோ அபராதம் உண்டு.

அதற்காக, முடிகிற தடத்தில் வருகிறவர் ராஜா ஆகிவிட மாட்டார். இடித்துத் தள்ளிக்கொண்டு நுழைய அவருக்கு உரிமை கிடையாது. தடம் மாறும்போது பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. ஒருவர் இடம் விடவில்லை என்றால், அடுத்தவர் விடும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆக, ஒருவருக்குக் கொடுக்கும் கடமை. மற்றவருக்குக் காத்திருக்கும் கடமை.

பக்கத்து வரிசை வேகமாகப் போகிறதா?

"நான் நிற்கிற வரிசைதான் நகர்வதே இல்லை. பக்கத்து வரிசை பறக்கிறது!" இப்படி நினைக்காதவர் யார்?

கனடாவைச் சேர்ந்த டொனால்ட் ரெடல்மையர் என்ற டாக்டரும், ராபர்ட் டிப்ஷிரானி என்ற புள்ளியியல் அறிஞரும் இதை ஆராய்ந்தார்கள். 1999-ல் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு தடமும் ஒரே சராசரி வேகத்தில் போனாலும், பக்கத்துத் தடம் வேகமாகப் போவது போலத்தான் தோன்றும் என்றார்கள்.

காரணம் எளிது. நாம் வேகமாக நகரும்போது பல வண்டிகளைச் சில நொடியில் தாண்டிவிடுகிறோம். நாம் மெதுவாக நகரும்போது, மற்றவர்கள் நம்மை ஒவ்வொருவராகத் தாண்டிப் போவதை நெடுநேரம் பார்க்கிறோம். நாம் தாண்டியது மறந்துபோகிறது. நம்மைத் தாண்டியது மனதில் நிற்கிறது. கோபத்தில் பாதி, கண் செய்கிற மாயம்!

மற்ற நாடுகளில் எப்படி?

பெல்ஜியத்தில் 2014 முதல் ஜிப் முறை கட்டாயம். ஸ்விட்சர்லாந்தில் 2021-ல் கட்டாயமாக்கினார்கள். ஆஸ்திரியாவின் சாலைச் சட்டத்திலும் இதே முறை இருக்கிறது.

வரிசையில் நிற்பதற்குப் பெயர் போன நாடு இங்கிலாந்து. அங்கே அரசாங்கம் வெளியிடும் சாலை விதிப் புத்தகத்தில் 134-வது விதி இதைப் பற்றியது. வண்டிகள் மிக மெதுவாக ஊரும்போது, பாதுகாப்பாக இருந்தால், மாறி மாறிச் சேரலாம் என்கிறது. வேகமாக ஓடும்போது வேண்டாம் என்றும் சொல்கிறது.

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். அங்குள்ளவர்கள் மரியாதைக்குப் பெயர் பெற்றவர்கள். அந்த மரியாதையே தொல்லையாகிவிட்டது! பலகையைக் கண்டதும் எல்லோரும் ஒரே வரிசையில் போய் நின்றார்கள். ஆகவே, மாநிலப் போக்குவரத்து இலாகா பிரசாரம் செய்ய வேண்டி வந்தது. "கடைசி வரை போங்கள், அங்கே மாறி மாறிச் சேருங்கள்" என்று சொன்னது. இதனால் வரிசையின் நீளம் 40 சதவிகிதம் வரை குறையும் என்பது அந்த இலாகாவின் கணக்கு.

எப்படி ஓட்ட வேண்டும்?

நெரிசலில் செய்ய வேண்டியவை இவை:

பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். தடத்தை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

பக்கத்துத் தடத்தின் வேகத்தோடு உங்கள் வேகத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். காலித் தடம் கிடைத்தது என்று பாய்ந்து போவது ஜிப் முறை அல்ல.

தடம் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் கை காட்டும் விளக்கைப் போடுங்கள். இடைவெளி கிடைத்ததும் நிதானமாகச் சேருங்கள்.

தொடர்கிற தடத்தில் இருந்தால், ஒரு வண்டிக்கு இடம் விடுங்கள். ஒன்றுக்கு மட்டும்! தாராள மனதோடு நான்கைந்து வண்டிகளை விட்டால், உங்கள் பின்னால் நிற்பவர்களுக்கு அநியாயம்.

இடம் விட்டவருக்குக் கையைத் தூக்கி நன்றி சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சாலையில் கூட்டம் இல்லாமல் வண்டிகள் வேகமாக ஓடினால், கடைசி வரை போக வேண்டியதில்லை. நல்ல இடைவெளி கிடைத்தபோதே மாறிவிடலாம். பக்கச் சாலையிலிருந்து ஆட்டோபானில் ஏறுகிற இடத்திலும் ஜிப் விதி கிடையாது. அங்கே ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குத்தான் முதல் உரிமை.

பையனுக்குப் பதில்

அந்தக் குடும்பத்தின் கார் மெல்ல மெல்லக் குறுகலின் வாசலுக்கு வந்துவிட்டது. இடது பக்கத்தில் ஒரு நீலக் கார். விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கிறது. உள்ளே ஒரு கிழவரும் கிழவியும்.

அப்பா என்ன செய்ய வேண்டும்? காரை நகர்த்தி அடைக்கவும் செய்யலாம். பிரேக்கில் காலை வைத்து இடம் விடவும் செய்யலாம். இடம் விட்டால் அவருக்கு ஆகும் நஷ்டம் இரண்டு, மூன்று நொடி. அடைத்தால் கிழவர் பதறுவார். பின்னால் ஹாரன் அலறும். ஒருவேளை இரும்போடு இரும்பு மோதும். ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னால், வளைவுக்கு அப்பால், ஒரு லாரி வந்துகொண்டிருக்கும்.

பின் ஸீட்டிலிருந்து பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாளைக்கு அவனும் கார் ஓட்டுவான். சாலை விதியைப் புத்தகத்தில் பிறகு படிப்பான். அதற்கு முன் அவன் படிக்கிற பாடம், அப்பாவின் கால் பிரேக்கை மிதிக்கிறதா இல்லையா என்பதுதான்!