கசப்பு ஆரஞ்சு: மார்மலேடுக்கும் ஜிம் மாத்திரைக்கும் நடுவுல

ஸ்பெயின்ல செவில்னு ஒரு நகரம். தெருவுக்குத் தெரு ஆரஞ்சு மரம். குளிர்காலத்துல கொத்துக்கொத்தா காய்ச்சுத் தொங்கும். ஆனா யாரும் பறிச்சுத் தின்ன மாட்டாங்க. காரணம், அது கசப்பு ஆரஞ்சு. ஒரு சுளை வாயில போட்டா முகம் கோணிடும்.

அப்ப அந்த மரத்தால என்ன பயன்? நம்ம நார்த்தங்காயை நினைச்சுக்கோங்க. அப்படியே தின்ன முடியாது. உப்புல ஊறிட்டா தயிர்சாதத்துக்கு அதுதான் வேணும். செவில் பழத்துக்கு உப்புக்குப் பதிலா சர்க்கரை. பிரிட்டன்காரங்க ரொட்டியில தடவுற மார்மலேட் இதுல செய்யறதுதான். தோலுக்குக் கீழே இருக்கிற வெள்ளைப் பகுதியிலயும் விதையிலயும் பெக்டின் நிறைய இருக்கு. கொதிக்கும்போது அது வெளிய வந்து, ஆறினதும் மார்மலேடைக் கெட்டியாக்கிடும்.

பூவையும் விடறதில்லை. அதைத் தண்ணியோட காய்ச்சி வடிச்சா நெரோலி எண்ணெய் கிடைக்கும். அது வாசனைத் திரவியத்துக்குப் போகும். கூடவே கிடைக்கிற பூநீரை மொராக்கோ, துனிசியா, லெபனான் வீடுகள்ல இனிப்புப் பண்டங்கள்ல சேர்ப்பாங்க. இலை, இளங்கிளையில இருந்து பெட்டிகிரேன்னு இன்னொரு எண்ணெய் எடுக்கறாங்க.

இதுவரைக்கும் சமையலறை விஷயம். இனிமே ஜிம் போறவங்க கவனிங்க.

நான் எந்த டப்பாவா இருந்தாலும் லேபிளை கோட் ரிவ்யூ மாதிரி வரி வரியா படிக்கிற ஆள். உடல் எடையைக் குறைக்கும்னு விக்கிற சில மாத்திரைகள்ல 'பிட்டர் ஆரஞ்சு எக்ஸ்ட்ராக்ட்' அல்லது 'சிட்ரஸ் ஆரன்ஷியம்'னு போட்டிருக்கும். அதுவும் இதே பழம்தான். இதுல சினெஃப்ரின்னு ஒரு வேதிப்பொருள் இருக்கு. அமைப்புல எஃபெட்ரினுக்கு நெருங்கின சொந்தம். எஃபெட்ரின் உள்ள எஃபெட்ரா செடியைச் சேர்த்த ஊட்டச்சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-ல தடை பண்ணுச்சு, இதய பாதிப்பு அபாயம்தான் காரணம். அந்த இடத்துக்குப் பல கம்பெனிகள் கொண்டுவந்தது கசப்பு ஆரஞ்சை!

ரொட்டியில தடவுற ஒரு ஸ்பூன் மார்மலேடும், சாரத்தைப் பிரிச்சு அடைச்ச ஒரு கேப்ஸ்யூலும் ஒண்ணு இல்லை. சினெஃப்ரின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏத்தலாம். அதே டப்பாவுல பெரும்பாலும் கஃபீனும் சேர்ந்து இருக்கும். அப்போ சுமை இன்னும் கூடும்.

"பழம்தானே, இயற்கைதானே"ன்னு யாராவது நீட்டினா, முதல்ல டப்பாவைத் திருப்பிப் படிங்க. பிபி, இதயப் பிரச்சினைக்கு மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே தொடாதீங்க. மார்மலேடா? தாராளமா தடவிக்கோங்க, சர்க்கரையை மட்டும் பாத்துக்கோங்க.