வினாடி முள் நடுங்குவது ஏன்?

பெங்களூரில் 1961-ம் ஆண்டு எச்.எம்.டி. கைக்கடிகாரத் தயாரிப்பு தொடங்கியது. 2016-ல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தது. ஆனாலும் சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்களைப் பலர் இன்றும் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றின் வினாடி முள் நடுங்கி நடுங்கி ஓடும். "மெஷினே போய்விட்டது" என்று பயப்பட வேண்டியதில்லை.

சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் இறுகுகிறது. அது விரியும் விசையைப் பல்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றுகின்றன. நடுச்சக்கரம் மணிக்கு ஒரு சுற்று சுற்றும். மூன்றாம் சக்கரம் அதைப்போல் 8 மடங்கு வேகம். நான்காம் சக்கரம் அதைவிட 7½ மடங்கு. ஆக 60 மடங்கு. நிமிடத்துக்கு ஒரு சுற்று! முடிவில் ஊசலாடும் பாலன்ஸ் சக்கரம், பல கடிகாரங்களில் வினாடிக்கு 5 முறை மட்டும் இவற்றை நகரவிடுகிறது.

நான்காம் சக்கரத்திலேயே வினாடி முள் இருந்தால் ஒரே சீராக ஓடும். விசை எப்போதும் அதை அழுத்திக்கொண்டிருக்கும். சில பழைய கடிகாரங்களில் மூன்றாம் சக்கரம் தனியாக ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். நடுவிலுள்ள முள் அதில்தான் இருக்கும். அதற்குமேல் சுமை இல்லாததால், பல் இடைவெளியில் முள் ஆடும். அதை அடக்க ஒரு மெல்லிய வில் தகடு அழுத்துகிறது. தகடு தளர்ந்தால் நடுக்கம். அதிகம் இறுகினால் கடிகாரத்தின் ஓட்டமே தளரும்.

முள் நடுங்குவதால் மட்டும் நேரம் தவறாது. 24 மணி நேரம் ரேடியோ நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேரம் சரியாக இருந்தால், அந்தத் தகட்டை முதலில் பார்க்கும்படி ரிப்பேர்காரரிடம் சொல்லுங்கள். மெஷின் மாற்றும் செலவு மிச்சமாகலாம்.