பூவிலே கோழி, பூவிலே பாம்பு!



சேவல் தலையில் இருப்பதும் கொண்டை, பூக்காரம்மா கூடையில் இருப்பதும் கொண்டை! கோழிக்கொண்டைப் பூவுக்குப் பேர் வைத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் நிச்சயம் கோழி வளர்த்த ஒரு பெண்மணியாகத்தான் இருப்பார். அதே சிவப்பு, அதே மடிப்பு, தொட்டுப் பார்த்தால் அதே மெத்தென்ற வெல்வெட்! இத்தனைக்கும் அது ஒரு பூ இல்லை. நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களைத் தாங்கும் தண்டு, ஒரே கூராக வளராமல் பக்கவாட்டில் விரிந்து மடிந்து போனதுதான் அந்தக் கொண்டை. அடிப்பக்கம் உதிர்த்துப் பாருங்கள், மினுமினுவென்று கறுப்பு விதை கொட்டும்.

நம் பக்கத்தில் இப்படி மிருகம், பறவை மாதிரி இருக்கிற பூக்கள் நிறைய உண்டு. கீரைக்காக வளர்க்கிற அகத்தியையே எடுத்துக் கொள்ளுங்கள். மொட்டு கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். விரிந்த பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் சிறகடிக்கிற சிட்டு! பொரியல் செய்கிற அவசரத்தில் நாம் யாரும் இதையெல்லாம் பார்ப்பதில்லை. மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் காடே தீப்பிடித்த மாதிரி பூக்கும் பொரச மரத்தின் பூவும் கிளி மூக்கேதான். வடமொழியில் இதற்குக் 'கிம்சுகம்' என்று பேர். 'இது கிளியோ?' என்று அர்த்தம் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் விருந்துக்கு இலை தைத்த அதே பொரசுதான்.

இந்த வளைவெல்லாம் நம் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று வந்ததல்ல. தேன் குடிக்கத் தேன்சிட்டு போன்ற பறவைகள் தலையை உள்ளே விடும்போது, அதன் மேல் மகரந்தம் ஒட்டி அடுத்த பூவுக்குப் போக வேண்டும். அதற்கேற்ற அமைப்பு அது. பறவைக்காக அமைந்த பூ, பறவை மாதிரியே நமக்குத் தெரிவது ஒரு வேடிக்கை!

நாகலிங்கப் பூவைச் சொல்லாமல் விட முடியுமா? நடுவில் லிங்கம், மேலே படமெடுத்த நாகம். சிவன் கோயில்களில் பக்தியோடு வைத்து வணங்குகிறோம். ஆனால் அந்த மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா என்றால் நம்புவீர்களா? உருண்டை உருண்டையாகக் காய்ப்பதைப் பார்த்து ஆங்கிலேயர்கள் அதற்குப் பீரங்கிக் குண்டு மரம் என்று பேர் வைத்தார்கள். நாம் பூவைப் பார்த்தோம், சாமி தெரிந்தது. அவர்கள் காயைப் பார்த்தார்கள், குண்டு தெரிந்தது! அந்தப் பூவில் தேனே கிடையாது. படம் மாதிரி வளைந்திருக்கும் பகுதியில் உள்ள மகரந்தம் தேனீக்களுக்குப் போடுகிற சாப்பாடு. லிங்கத்தைச் சுற்றி இருக்கிற மகரந்தம்தான் விதை பிடிக்க உதவுவது.

நிஜமாகவே வேஷம் போடுகிற பூவும் உலகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு வகை ஆர்க்கிட் பூ, பெண் தேனீ மாதிரி உருவமும் வாசனையும் காட்டி ஆண் தேனீயை ஏமாற்றி வரவழைக்கும். தென் அமெரிக்காவில் ஈக்வடார் பக்கத்துக் காடுகளில் அச்சு அசலாகக் குரங்கு மூஞ்சியோடு ஓர் ஆர்க்கிட் உண்டு. ஆனால் தேனீப் பூ தேனீக்காகப் போட்டது வேஷம். குரங்குப் பூவில் குரங்கைப் பார்ப்பது நம் கண்தான்.

இதை எதற்கு இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், உருவத்தைப் பார்த்து மருந்து என்று முடிவு கட்டும் பழக்கம் இன்னும் நம்மிடம் போகவில்லை. படமெடுத்த மாதிரி இருப்பதால் நாகமல்லி பாம்புக்கடிக்கு, கொடுக்கு மாதிரி சுருண்டிருப்பதால் தேள்கொடுக்குச் செடி தேள் கடிக்கு, பேரிலேயே கருடன் இருப்பதால் கருடக்கொடி விஷத்துக்கு என்று அம்மிச்சி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருடக்கொடி வகையில் உள்ள ஒரு ரசாயனம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்று மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்கிறது. தேள்கொடுக்கில் இருப்பது கல்லீரலுக்கு ஆகாது.

செங்காந்தளையும் பாருங்கள். நம் மாநிலப் பூ. அதைப் பாம்பின் படத்துக்கு ஒப்பிட்டுச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று பந்தல் போட்டு விவசாயம் செய்கிறார்கள். விடியற்காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிற வேலையை நம் பெண்கள்தான் செய்கிறார்கள். அதன் விதையிலிருந்து எடுக்கும் கால்சிசின், கீல்வாத வலிக்கு மருந்து. ஆனால் அதை அளந்து தருவது மருந்துக் கம்பெனி. செடியாக இருக்கும்போது வேர் முதல் விதை வரை விஷம், கிழங்கு கடும் விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அழகுக்காக வேலியில் ஏற்றியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக, 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். தோட்டத்தில் களை எடுக்கும்போதோ, மாட்டுக்குத் தீவனம் அள்ளும்போதோ கடிபட்டால் வேரையும் பூவையும் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை ஆட்டாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நடக்க வைக்கக் கூடாது. 2024 நவம்பரில் நம் அரசு, பாம்புக்கடி வந்தால் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தகவல் தர வேண்டும் என்று அறிவித்ததே, விஷயம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டுகிறது.

அந்த ஊசி எதிலிருந்து வருகிறது தெரியுமா? பாம்பின் விஷத்திலிருந்தேதான்! செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்புகளிடமிருந்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். ஆக, விஷத்துக்கு மருந்து பாம்பு மாதிரி இருக்கிற பூவில் இல்லை. பாம்பிடமே இருக்கிறது.

அதற்காகப் பூக்களின் பேரை மறந்துவிடச் சொல்லவில்லை. லீவு நாளில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய், "இது என்ன மாதிரி இருக்குது, சொல்லு கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். நாம் பார்க்காத ஆடு, மாடு, மயிலெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். கூடவே, "பார்க்கலாம், பேர் வைக்கலாம், கண்டதை வாயில் வைக்கக் கூடாது" என்றும் சொல்லி வளர்ப்போம்.

என்னங்க சகோதரிகளே, நான் சொல்வது சரிதானுங்களே?

- ஒரு வாசகி, கோவை.