பேட்டன் டாங்கியின் சிற்றுரு

யுத்த டாங்கியின் சிற்றுருவைச் செய்து முடித்தலினும், அதனைப் போர்க்களம் கண்டதாகக் காட்டுதலே அரிது. யாம் பட்டறிந்த இதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1965-ஆம் ஆண்டு பஞ்சாபில், கேம்கரண் அருகே அசல் உத்தர் என்னுமிடத்துப் பாகிஸ்தான் படை கொண்டுவந்த பேட்டன் டாங்கியை, முப்பத்தைந்தில் ஒரு பங்களவில் அமைத்தோம். மூன்றரை மீட்டருக்கு மேற்பட்ட அதன் அகலம் எம் மேசைமீது 10 சென்டிமீட்டராயிற்று. துண்டுகளை நறுக்கி, அரத்தால் தேய்த்து ஒட்டுதல் பொறுமையுடையார்க்கு எளிதே.

வண்ணம் பூசியபின் துருவேற்றினோம். குளச்சற் கடற்காற்றில் சன்னற்கம்பிகள் படும் பாட்டை நாள்தோறும் காண்கின்றோமாதலின், செந்துருவைத் தாராளமாகப் பூசினோம். ரப்பர் விளிம்புள்ள சக்கரங்களையும் விட்டோமில்லை! கண்ட நண்பரொருவர், “இது போர்க்களத்திற் கிடந்ததோ, மணவாளக்குறிச்சிக் கரையிற் கிடந்ததோ?” என்று வினவினார். எம்மிடம் விடையில்லை.

பின்னரே ஆராய்ந்தோம். அப்போர் நிகழ்ந்தது செப்டம்பர் 8 முதல் 10 வரை. வண்ணம் பூசிய உருக்கு அச்சில நாட்களில் அங்ஙனம் துருவேறாது. மேலும், நம் படையினர் கால்வாய் நீரைக் கரும்பு வயல்களிற் பாயவிட்டமையால் பேட்டன்கள் பல சேற்றிற் புதைந்தன. ஆகவே, அதன்மேல் வேண்டுவது துருவன்று, சேறே.

துருவை வண்ணத்தால் மறைத்து, சலித்த வண்டலைப் பசையிற் குழைத்து, சக்கரங்களினிடையே தடிப்பாகவும் மேலே செல்லச்செல்ல மெல்லிதாகவும் அப்பினோம். நம்மூர்ச் செம்மண் அதற்கு ஆகாது. அவ்வயல்மண் வெளிறிய பழுப்பு. உலர்ந்த சேறு வெளுக்கும், ஈரச்சேறு கறுக்கும். இரண்டையும் அருகருகே வைத்தாலன்றிக் கண் நம்பாது. எஞ்சினின் புகை வெளிப்படும் பின்புறத்தில் மட்டும் சிறிது துருவை விட்டுவைத்தோம். வெப்பத்தால் வண்ணம் முதலில் உரிவது அங்கேதான்.