ஆக்லாந்தில் தொலைக்காட்சி வாங்குதல்: திரையும் சட்டமும் தவணையும்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மின்னணுப் பொருட்களை விற்கும் பெரிய அங்காடி எதனுள் நுழைந்தாலும், ஒரு சுவர் முழுவதும் தட்டைத்திரைத் தொலைக்காட்சிகள் ஒளிர்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். அநேகமாக எல்லாத் திரைகளிலும் ஒரே காட்சிதான் ஓடும். வண்ண மீன்கள், பூக்கள், இரவு நகரங்கள் என விளம்பரத்துக்கென்றே எடுக்கப்பட்ட படம் அது. விலைகள் மட்டும் சில நூறு டாலர்களில் தொடங்கி பல ஆயிரங்கள் வரை செல்கின்றன.

ஏறக்குறைய 1,000 நியூசிலாந்து டாலர் செலவிடக்கூடிய ஒரு குடும்பம் இந்தச் சுவரின் முன் நின்று எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இது சிறிய தொகை அல்ல. 2025 ஏப்ரல் 1 ஆம் தேதி நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 23.50 டாலர். அந்தக் கணக்கில், வரி பிடிப்பதற்கு முன்பே, 42 மணிநேரத்துக்கும் அதிகமான உழைப்பு இதற்குத் தேவை. குடிபெயர்ந்து வந்த சில மாதங்களில் குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கட்டில் என எல்லாவற்றையும் ஒருங்கே வாங்க வேண்டிய நிலையில் உள்ள குடும்பத்துக்கு, தவறான தேர்வின் விலை ஒரு வாரச் சம்பளம்.

காக்கப்பட்ட சந்தையிலிருந்து திறந்த சந்தைக்கு

நியூசிலாந்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1960 ஜூன் 1 ஆம் தேதி ஆக்லாந்தில்தான் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1973 அக்டோபர் இறுதியில் வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடைபெறவிருந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளே அதற்குக் காலக்கெடு விதித்தன. இந்தியாவில் 1982 ஆம் ஆண்டின் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வண்ணத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்ததை இதனோடு ஒப்பிடலாம். அரசுகள் பல ஆண்டுகள் ஒத்திவைக்கும் முடிவை ஒரு விளையாட்டு விழா ஒரே பருவத்தில் எடுக்க வைத்துவிடுகிறது.

அக்காலத்தில் நியூசிலாந்து அரசு இறக்குமதி உரிமங்கள் மூலம் உள்நாட்டுத் தொழிலைக் காத்து வந்தது. ஆக்லாந்துக்குத் தென்கிழக்கே, தங்கச் சுரங்கத்துக்குப் பெயர்பெற்ற வைஹி என்ற சிறுநகரில் பை நிறுவனத்தின் தொழிற்சாலை தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரித்தது. வேலைகள் இருந்தன, விலைகளும் மிக உயரத்தில் இருந்தன. 1984 இல் டேவிட் லாங்கி தலைமையிலான தொழிற்கட்சி அரசு ஆட்சிக்கு வந்து, நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸின் கொள்கைகளின்கீழ் சந்தை வேகமாகத் திறந்துவிடப்பட்டதும் உள்நாட்டுத் தயாரிப்பு நிலைக்கவில்லை. இன்று ஆக்லாந்தில் விற்கப்படும் பெட்டிகள் இறக்குமதியானவையே.

தமிழ்நாடு இதே பொருளை வேறொரு வழியில் அணுகியது. 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக அளித்த வாக்குறுதியின்படி, 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் இலவசமாக வழங்கப்பட்டன. 2011 இல் ஆட்சி மாறும்வரை சுமார் 1 கோடியே 60 லட்சம் பெட்டிகள் வழங்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. இத்தகைய வாக்குறுதிகள் தேர்தல் முறைகேடு ஆகுமா என்ற வழக்கில், ஆகாது என்று இந்திய உச்சநீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஒரு பெட்டியை அரசு வாங்கித் தருவதா, வாங்குபவருக்குச் சட்டப் பாதுகாப்பு மட்டும் தருவதா என்பதில் நியூசிலாந்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பாதுகாப்பை அறியாமலே பலர் கடைக்குச் செல்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

கடைச் சுவர் சொல்லாதவை

அங்காடியின் கடும் வெளிச்சத்தில் மிகப் பிரகாசமான திரையே கண்ணைக் கவரும். இதனால் பெட்டிகள் அங்கே மிகையான ஒளியும் வண்ணமும் கொண்ட அமைப்பில் வைக்கப்பட்டிருக்கும். வீட்டின் மாலை வெளிச்சத்தில் அதே அமைப்பு கண்ணை உறுத்தும். ஆகவே கடையில் வண்ணங்களை ஒப்பிடுவதால் அதிகப் பயன் இல்லை. தாம் வழக்கமாகப் பார்க்கும் ஒரு பழைய திரைப்படப் பாடலையோ செய்தி அறிக்கையையோ யூடியூபில் போட்டுக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேட்பது பெரிதும் உதவும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 4கே எனப்படும் திரையில் ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. முந்தைய முழு எச்டி திரையில் இருந்தவை சுமார் 21 லட்சம். ஆனால் புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளில் ஓடும் நெடுந்தொடர்களும் பழைய படங்களும் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த தெளிவில், இணையத்துக்காக மேலும் சுருக்கப்பட்டு வருபவை. இல்லாத புள்ளிகளைப் பெட்டியின் உள்ளிருக்கும் செயலியே ஊகித்து நிரப்ப வேண்டும். மலிவான பெட்டிகள் பலவீனமாக இருப்பது இங்கேதான். விளம்பர மீன்கள் எல்லாப் பெட்டியிலும் அழகாக நீந்தும். சிவாஜி கணேசனின் முகம் எல்லாப் பெட்டியிலும் தெளிவாக இருக்காது.

அளவைப் பொறுத்தவரை தூரம்தான் முக்கியம். 55 அங்குலத் திரை ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. சாதாரணக் கண்பார்வை உள்ள ஒருவர் அதிலிருந்து சுமார் 2.2 மீட்டருக்கு அப்பால் அமர்ந்தால், முழு எச்டி திரையின் தனித்தனிப் புள்ளிகளையே பிரித்தறிய முடியாது. மூன்று மீட்டர் தொலைவில் சோபா போட்டிருப்பவருக்கு 4கே என்பதால் மட்டும் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. இப்போது பெரிய அளவுகளில் பெரும்பாலும் 4கே பெட்டிகளே விற்கப்படுவதால் அதைத் தவிர்க்கவும் வேண்டியதில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை என்பதே செய்தி. 8கே பற்றி நடுத்தர வரவுசெலவில் பேசவே வேண்டாம்.

பெயர்கள்தான் அதிகம் குழப்புகின்றன. ஒருகாலத்தில் போட்டியில் இருந்த பிளாஸ்மா திரைகளின் உற்பத்தியை பானசோனிக் 2013 இலும், சாம்சங், எல்ஜி ஆகியவை 2014 இலும் கைவிட்டன. இப்போது இருப்பவை அடிப்படையில் இரண்டு வகை. எல்சிடி திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தேவை. எல்இடி என்று விற்கப்படுவது இதே எல்சிடிதான். பின்னொளி மட்டும் எல்இடி விளக்குகளால் ஆனது. கியூஎல்இடி என்பதும் பொதுவாக எல்சிடியே, வண்ணத்தை மேம்படுத்தும் ஒரு படலத்துடன். ஓஎல்இடி மட்டும் வேறு இனம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது; எனவே கருமை உண்மையான கருமையாக இருக்கும். ஆங்கிலத்தில் கியூ என்ற எழுத்துக்கும் ஓ என்ற எழுத்துக்கும் உள்ள உருவ ஒற்றுமை விற்பனைக்கு உதவாமல் இல்லை.

ஓஎல்இடி பெட்டிகள் பெரும்பாலும் 1,000 டாலர் வரம்பைத் தாண்டுபவை. தள்ளுபடியில் கிடைத்தாலும், செய்தித் தொலைக்காட்சியை நாள் முழுவதும் ஓடவிடும் வீடுகளுக்கு அவை உகந்தவை அல்ல. அலைவரிசையின் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் திரையில் தடம் பதிந்துவிடும் வாய்ப்பு உண்டு. இந்த வரவுசெலவில், பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதியுள்ள எல்சிடி பெட்டியே பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. எச்டிஆர் என்ற முத்திரை மலிவான பெட்டிகளிலும் இருக்கும். அந்தச் சமிக்ஞையைப் பெட்டி ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் பொருள். அதைக் காட்டும் ஒளித்திறன் பெட்டிக்கு உண்டு என்று அது உறுதி கூறவில்லை.

கிரிக்கெட் பார்ப்பவர்கள், திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். 50 அல்லது 60 என்பது சாதாரணம். 100 அல்லது 120 இருந்தால் பந்தின் ஓட்டம் தெளியும். பெட்டியின் மேல் 800, 1000 என அச்சிடப்பட்ட எண்கள் அந்தந்த நிறுவனங்களின் சொந்தக் கணக்கு. அசைவை மென்மையாக்கும் வசதியைத் திரைப்படம் பார்க்கும்போது அணைத்துவிடலாம். இல்லையென்றால் விநாடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்பட்ட படம்கூட மெகா தொடர் போலத் தோன்றும்.

ஒலிக்கு ஒரு தொகையை ஒதுக்குவதும் நல்லது. மெல்லிய பெட்டிகளின் ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்திருப்பதால் வசனங்கள் அமுங்கிவிடுகின்றன. செவித்திறன் குறைந்த பெற்றோர் உள்ள வீட்டில், 65 அங்குலத்துக்குப் பதில் 55 அங்குலம் வாங்கி, மீதித் தொகையில் தனி ஒலிப்பட்டை ஒன்றை இணைப்பது அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

பார்ப்பவரைப் பார்க்கும் பெட்டி

பெட்டிகளின் விலை இவ்வளவு குறைந்ததற்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணம் அல்ல. இணையத்துடன் இணைந்த பெட்டிகளில் பல, திரையில் ஓடும் காட்சியை அடையாளம் கண்டு, அத்தகவலைத் தயாரிப்பாளருக்கு அனுப்புகின்றன. விளம்பரதாரர்களுக்கு அதற்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் உரிய ஒப்புதலின்றி இவ்வாறு தகவல் திரட்டியதாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2017 இல் 22 லட்சம் டாலர் செலுத்த இணங்கியது. பெட்டியை முதன்முதலில் இயக்கும்போது வரும் ஒப்புதல் பக்கங்களை அவசரமாகக் கடந்துவிடாமல், பார்வைத் தகவல் தொடர்பானவற்றை மறுத்துவிடலாம். அதனால் படம் நின்றுவிடாது.

செயலிகளின் ஆயுள் திரையின் ஆயுளைவிடக் குறைவு என்பதையும் கருத வேண்டும். 2010, 2011 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்பட்ட சில சாம்சங் பெட்டிகளில் நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பரில் நின்றுபோனது. அப்போது பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறு கருவி ஒன்று போதும். தமிழ் அலைவரிசைகளின் செயலிகள் எல்லா இயங்குதளங்களிலும் கிடைப்பதில்லை என்பதால், வீட்டில் பார்க்கப்படும் செயலி அந்தப் பெட்டியில் உள்ளதா என்று கடையிலேயே தேடிப் பார்ப்பது அவசியம்.

உள்ளூர் இலவச அலைவரிசைகளுக்கு வேறொரு தடை இருக்கலாம். ஆக்லாந்தில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2013 டிசம்பர் 1 ஆம் தேதி நிறுத்தப்பட்டது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு யுஎச்எஃப் அலைகளில் வருவதால், பழைய வீடுகளின் கூரையில் நிற்கும் விஎச்எஃப் அலைவாங்கிகள் பயன்படா. புதிய பெட்டி பழுதென்று எண்ணித் திருப்பிக் கொண்டுபோவதற்கு முன் கூரையைப் பார்ப்பது நல்லது.

நீட்டித்த உத்தரவாதம் தேவையா

பணம் செலுத்தும் மேசையில், கூடுதல் தொகைக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டு நீட்டித்த உத்தரவாதம் எடுக்கும்படி விற்பனையாளர் கேட்பது வழக்கம். இங்குதான் 1993 ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் முக்கியத்துவம் பெறுகிறது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்துடன், நியாயமான காலத்துக்கு உழைக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. எத்தனை ஆண்டுகள் என்று அது வரையறுக்கவில்லை. விலையும் பொருளின் தன்மையும் கருத்தில் கொள்ளப்படும். தயாரிப்பாளரின் ஓராண்டு உத்தரவாதம் முடிந்ததும் இந்த உரிமை முடிந்துவிடுவதில்லை. விற்ற கடையே பொறுப்பு. தயாரிப்பாளரிடம் போங்கள் என்று கைவிரிக்க அதற்கு உரிமை இல்லை. பழுது கடுமையானது என்றால், பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

2014 இல் நடைமுறைக்கு வந்த நியாய வர்த்தகச் சட்டத் திருத்தங்களின்படி, நீட்டித்த உத்தரவாதம் இச்சட்ட உரிமைகளைவிட என்ன கூடுதலாகத் தருகிறது என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். ஐந்து வேலைநாட்களுக்குள் அதை ரத்துசெய்யவும் முடியும். அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தால், பல குடும்பங்கள் அந்தச் செலவைத் தவிர்த்துவிடும் என்றே தோன்றுகிறது. கடையுடன் தகராறு தீரவில்லை என்றால் தகராறுகள் தீர்ப்பாயத்தை அணுகலாம். அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. ஆங்கிலம் போதாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யப்படுவதுண்டு.

இப்பாதுகாப்பு வணிகர்களிடம் வாங்குவோருக்கு மட்டுமே என்பதை மறக்கலாகாது. டிரேட் மீ தளத்தில் ஒரு தனிநபரிடம் வாங்கிய பழைய பெட்டிக்கு இச்சட்டம் பொருந்தாது.

தவணை என்னும் பொறி

வட்டியில்லாத் தவணை என்ற அறிவிப்பு பல கடைகளில் தொங்குகிறது. வட்டி இல்லாவிட்டாலும் தொடக்கக் கட்டணமும் ஆண்டுக் கட்டணமும் இருக்கும். சலுகைக் காலம் முடிந்தபின் மிஞ்சும் கடனுக்கு ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கும் மேல் வட்டி விதிக்கும் அட்டைகள் சாதாரணம். மாதம்தோறும் கேட்கப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், சலுகைக் காலத்துக்குள் கடன் தீராமல் போகக்கூடும். 1,000 டாலரை 24 மாதங்களில் தீர்க்க, மாதம் ஏறத்தாழ 42 டாலர் கட்ட வேண்டும். கேட்கப்படும் தொகை அதைவிடக் குறைவாக இருந்தால், அது கருணையால் அல்ல.

இதைவிடக் கடுமையானது தெற்கு ஆக்லாந்தின் வருமானம் குறைந்த பகுதிகளில், வண்டிகளில் பொருட்களை ஏற்றி வீடு வீடாகச் சென்று விற்கும் நடமாடும் வணிகர்களின் கதை. அங்காடி விலையைவிடப் பல மடங்கு விலையில், வாரத் தவணைக்குப் பொருட்கள் விற்கப்பட்டதை நியூசிலாந்து வர்த்தக ஆணையம் 2010களின் நடுப்பகுதியில் ஆராய்ந்தது. பெரும்பாலான வணிகர்கள் சட்டத்தை முறையாகப் பின்பற்றவில்லை என்று கண்டறிந்த ஆணையம், சிலர் மீது வழக்கும் தொடுத்தது. பின்னர் கடன் சட்டங்கள் இறுக்கப்பட்டன. மிக உயர்ந்த வட்டிக் கடன்களில், வாங்கிய தொகையின் இரு மடங்குக்கு மேல் திருப்பிக் கேட்கக்கூடாது என்ற உச்சவரம்பு 2020 இல் நடைமுறைக்கு வந்தது. அழையாமல் வீட்டு வாசலுக்கு வந்து விற்பவரிடம் செய்த ஒப்பந்தத்தையும் ஐந்து வேலைநாட்களுக்குள் ரத்துசெய்யலாம். வங்கிக் கணக்கோ கடன் வரலாறோ இல்லாத புதிய குடியேறிகளே இத்தகையோரிடம் எளிதில் அகப்படுகிறார்கள். கையெழுத்திடும் முன் குடிமக்கள் ஆலோசனை மையத்தில் தாளைக் காட்டிக் கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.

அவசரம் இல்லாதவர்கள் நவம்பர் இறுதியின் பிளாக் ஃபிரைடே, டிசம்பர் 26 விற்பனைகள்வரை காத்திருக்கலாம். புதிய மாதிரிகள் வரும்போது கடந்த ஆண்டின் மாதிரியை வாங்குவது இன்னும் நல்லது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் பெயரில்தான். தள்ளுபடி எவ்வளவு என்பதைவிட, அதே மாதிரியின் விலை மற்ற கடைகளில் எவ்வளவு என்று பார்ப்பதே நம்பகமான அளவுகோல்.

வாடகை வீட்டில் குடியிருப்போர் பலர், சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் விடமாட்டார் என்று எண்ணிப் பெட்டியை ஒரு சிறு மேசைமீது நிறுத்திவைக்கிறார்கள். குழந்தைகள் இழுத்தால் அது மேலே விழும் ஆபத்து உண்டு. 2021 பிப்ரவரி 11 முதல், வீட்டில் சிறு மாற்றங்கள் செய்யும் கோரிக்கையை உரிமையாளர் நியாயமற்ற முறையில் மறுக்க முடியாது. எழுத்துமூலம் கேட்டால் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வீட்டைக் காலிசெய்யும்போது துளைகளை அடைத்துத் தருவது வாடகைதாரரின் பொறுப்பு. உள்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் பொருத்தப்பட்ட மெல்லிய சுண்ணப் பலகைகள் என்பதால், திருகாணி மரச்சட்டத்தில்தான் இறங்க வேண்டும்.